ஈப்போவில் வயிற்றறை கழுவல் பரிசோதனை: ஒரு சுங்கை சிப்புட் குடும்பத்தின் மதிப்பீடு

அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் உறவினர்கள் அனைவரும் கேட்டது, எப்போது வெட்டி எடுப்பார்கள் என்பதைத்தான். அப்பாவை நாங்கள் சேர்த்த ஈப்போ தனியார் மருத்துவமனையின் அறுவைப் பிரிவு, அதற்கு விடை சொல்லுமுன் வயிற்றறையை, அதாவது இரைப்பை, குடல் போன்ற உறுப்புகளைச் சுற்றியுள்ள வயிற்றின் உள்வெளியை, கழுவிப் பார்த்தது. நான் அதிக மதிப்பெண் அளிப்பது அதற்கே.

சிடி ஸ்கேனில் நோய் பரவியதாகத் தெரியவில்லை. ஆயினும், கட்டி இரைப்பைச் சுவரின் வெளிப்புறத்தை எட்டியிருந்தால் அதிலிருந்து உதிரும் செல்கள் வயிற்றறையில் மிதக்கக்கூடும் என்றும், ஸ்கேன் அவற்றைக் காட்டாது என்றும் அறுவை நிபுணர் சந்திப்பு அட்டையின் பின்புறத்தில் படம் வரைந்து தமிழிலேயே விளக்கினார். வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய அப்பா, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப கண்ணுக்குத் தெரியாததத் தேடுறீங்க, டாக்டர்" என்றார்.

முழு மயக்கத்தில் வயிற்றில் இடும் சிறு துளைகள் வழியே லாப்ராஸ்கோப்பை (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) செலுத்தி, கட்டியைத் தொட்டுக் கலைப்பதற்கு முன்பாகவே உப்புநீரை விட்டு அலசி, இடுப்புக்குழியிலும் உதரவிதானத்தின் கீழும் தேங்குவதை உறிஞ்சி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அந்நீரை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படியும் செல்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள். இரைப்பையின் உட்புறத்தைக் கழுவுவது என்று பலர் நினைப்பதுபோல் அன்று இது.

அப்பாவின் நீரில் புற்றுச் செல்கள் இருந்தன. வேறெங்கும் பரவல் தென்படாவிட்டாலும், புற்றுநோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை நிலைகளாகப் பிரிக்கும் அனைத்துலக நிலைப்பகுப்பு, 2010இல் நடைமுறைக்கு வந்த பதிப்பிலிருந்து, இதை நான்காம் நிலையாகவே கொள்கிறது. எனவே இரைப்பையை அகற்றாமல் கீமோ தொடங்கப்பட்டது. பின்னர் மீண்டும் கழுவிப் பார்த்துச் செல்கள் மறைந்திருந்தால் அறுவை பற்றி யோசிக்கலாம் என்றார்கள். செல்கள் தென்படாவிட்டாலும் நோய் பரவவில்லை என்று உறுதி கூற முடியாது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

குறைகளும் உண்டு. ஆய்வக முடிவு சொன்ன நாளில் வரவில்லை. அழைப்பதாகக் கூறிய முகப்பிடம் அழைக்கவும் இல்லை. முன்மதிப்பீட்டில் இல்லாத செல் ஆய்வுக் கட்டணம் இறுதி பில்லில் இருந்தது. தாதியரின் கவனிப்பு நன்று. தோட்டப்புறங்களிலிருந்து செல்பவர்கள், முடிவை யார், எந்நாளில் தெரிவிப்பார்கள் என்பதையும் செல் ஆய்வுக் கட்டணத்தையும் அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.