ஒரே 1840, இரண்டு ராணித் தலை ரூபாய்

பாட்டி காலத்துப் பெட்டியைக் குடைந்தால் கிடைக்கும் வெள்ளிக் காசுகளில், 1840 என்று போட்ட விக்டோரியா ரூபாய்க்குத் தனி மவுசு உண்டு. இரண்டு கிடைத்தால், "ஒரே காசுதானே, ஒன்றைக் கொடுத்துவிடலாம்" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். தேதி ஒன்றுதான், காசு வேறாக இருக்கலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1835ல் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெய்ன், சுமார் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முதலில் நான்காம் வில்லியத்தின் தலை இருந்தது. 1840 தேதியோடு இளம் விக்டோரியா வந்தார். அந்தத் தேதி 1862 வரை மாறவே இல்லை. நடுவில், 1850ஐ ஒட்டி, ராணித் தலை இருக்கும் முகப்பு மாறியது.

முதல் வகையில் 'விக்டோரியா குயின்' என்ற ஆங்கில எழுத்துகள் இடப்பக்கம் தொடங்கி, தலைக்கு மேலாக வளைந்து, வலப்பக்கம் இறங்கும். சேகரிப்பவர்கள் இதைத் தொடர் எழுத்து என்கிறோம். இரண்டாவதில் ராணியின் உச்சந்தலை நடுவே புகுந்துவிடும்: 'விக்டோரியா' இடப்பக்கம், 'குயின்' வலப்பக்கம். இது பிரி எழுத்து. பூதக்கண்ணாடிகூட வேண்டாம், தலைக்கு மேலே எழுத்து ஓடுகிறதா, இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நன்றாகத் தேய்ந்த காசிலும் இது தெரியும் என்பதால், அடையாளங்களில் நான் முதல் இடம் தருவது இதற்குத்தான்.

பின்புறம் இலைவளையத்தில் இருக்கும் குட்டிக் காய்கள் வேறு கதை. பெர்ரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தொடர் எழுத்து வகையில் 19, 20 என்றும், பிரி எழுத்து வகையில் 28, 34, 35 என்றும் எண்ணிக்கை வரும். அச்சு வெட்டியவர்கள் ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கொஞ்சம் மாற்றியதால் வந்த வேறுபாடு இது. உள்வகை பிரிக்க இதைவிட நுட்பமான அடையாளம் கிடையாது. ஆனால் பொறுமையைச் சோதிக்கும். 34ஆ 35ஆ என்று எண்ண ஆரம்பித்தால் கண் கலங்கிவிடும். வளையத்தைக் கட்டிய முடிச்சுப் பக்கத்தில் ஒரு காய் தேய்ந்திருந்தால் கணக்கே தப்பு. நான் செய்வது இதுதான்: செல்போனில் பெரிதாகப் படம் எடுத்து, திரையில் ஒவ்வொரு காய்க்கும் புள்ளி வைத்து எண்ணுவேன். லூப்பை (கண்ணருகே பிடிக்கும் சின்னப் பூதக்கண்ணாடி) வைத்துக்கொண்டு வாயால் எண்ணினால் மூன்று முறைக்கு மூன்று விடை வரும்.

மூன்றாவதாக, ராணியின் கழுத்து முடியும் கழுத்து வெட்டில் பார்க்க வேண்டியது அச்சை வடித்த வில்லியம் வயனின் முதலெழுத்துகள், இரண்டு டபிள்யூ. சில காசுகளில் மேலெழும்பி, சிலவற்றில் குழிந்து இருக்கும். கழுத்து முதலில் தேயும் இடம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன்.

சரி, எதை வாங்கலாம்? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பிரி எழுத்தில் காய் தெளிவாக எண்ணக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். உள்வகை அதில்தான் அதிகம், கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. ஆனால் எதுவானாலும் முதலில் தராசு. போலி 1840 ஏராளம். எடை 11.66 கிராமிலிருந்து நன்றாக விலகினால் காயை எண்ணிப் பயனில்லை.

அடுத்து வந்த 1862 ரூபாயும் இதே குணம்தான். 1874 வரை அடித்தவற்றில் அந்த ஒரே தேதி. பம்பாய் நாணயச்சாலை மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தது. அவற்றை எண்ணித்தான் அடித்த ஆண்டை ஊகிக்கிறார்கள். நம்ம சென்னைத் தங்கசாலையோ 1869ல் மூடப்பட்டுவிட்டது.

இதற்கு நேர்மாறு 'பன்றி ரூபாய்'. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை. துதிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி போலத் தெரிந்தது, எதிர்ப்பு கிளம்பியது. அடித்த சுமார் 94 லட்சத்தில் 7 லட்சம்தான் வெளியே போனது, மீதி உருக்கப்பட்டது. 1912ல் துதிக்கையைத் திருத்தினார்கள். இங்கே தேதியைப் பார்த்தாலே போதும்: 1911 என்றால் பன்றி, 1912 என்றால் யானை. 1912 காசைப் 'பன்றி' என்று சொல்லி விலை ஏற்றினால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. காய் எண்ண வசதியாக இருக்கட்டும் என்று காசை விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்குக்கு ஆகும் வேலை, காசுக்கு ஆகாது. போன வருஷம் என்னிடம் வந்த ஒரு தொடர் எழுத்து ரூபாய் அப்படித்தான் பளபளவென்று வந்தது. இலைவளையத்தில் நான் எண்ணியது பதினொரு காய்.