வெளிநாடு போகிறீர்களா? பிறந்த தேதியைப் பின் எண்ணாக வைக்காதீர்கள்

வங்கி அட்டைக்குப் புதுப் பின் எண் (PIN, ரகசிய எண்) வைத்துக்கொண்டு வெளிநாடு கிளம்பப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். மலேசியாவில் இருக்கும் எனக்குப் போனது மூவாயிரம் ரிங்கிட்.

அக்கா மகள் கல்யாணத்துக்குச் சென்னை போக இருந்தேன். என் டெபிட் அட்டையில் வெளிநாட்டில் பணம் எடுக்கும் வசதி திறக்கப்படாமல் இருந்தது. பின் எண்ணும் மறந்துபோயிருந்தது. வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். "அங்கே போய் மறந்துட்டு மூணு தடவை தப்பா அடிச்சா அட்டை லாக் ஆயிடும், அக்கா. பிறந்த தேதியை வச்சிடுங்க, மறக்கவே மறக்காது" என்றார். நம் ஊர் அட்டைக்கு ஆறு இலக்கம். நாள், மாதம், ஆண்டு என இரண்டிரண்டாக அடித்தால் கணக்காக ஆறு. சரி என்று அதையே வைத்தேன்.

நான்கு நாள் கழித்து, ரூபாய் மாற்றுவதற்காக கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குப் போனேன். மணி சேஞ்சரில் கேட்பார்கள் என்று பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டேன். ஐசி (அடையாள அட்டை), வங்கி அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் ஒரே கைப்பையில். ஜாலான் துன் சம்பந்தனில் ரோட்டோரம் இறங்கிய நொடியில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோள்பட்டையில் வார் இழுத்த தடம் ஒரு வாரம் இருந்தது.

கைப்பேசி மட்டும் கையில் இருந்தது. நான் செய்த தவறு, முதலில் போலீஸ் நிலையத்துக்கு ஓடியது. ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே 1,500 ரிங்கிட் எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. வங்கியைக் கூப்பிட வேண்டும். அந்த எண் அச்சிட்டிருப்பதோ பறிபோன அட்டையின் முதுகில். இணையத்தில் தேடி எடுத்துக் கூப்பிட்டு, காத்திருப்பு இசை கேட்டுக்கொண்டிருக்கையில் இன்னொரு 1,500 போனது.

எப்படி எடுத்தார்கள் என்று பிறகுதான் புரிந்தது. நம் ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். வங்கிப் பதிவின்படி முதல் முயற்சி தவறு, இரண்டாவது சரி. ஐசியில் உள்ளபடி அடித்துப் பார்த்திருக்கிறார்கள், அப்புறம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது வாய்ப்பே தேவைப்படவில்லை. பாஸ்போர்ட்டிலும் இதே தேதி, இதே ஐசி எண் இருக்கிறது. வெளிநாட்டில் பாஸ்போர்ட்டும் அட்டையும் ஒரே பையில் இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வங்கியின் பதில் இரண்டே பத்தி. பின் எண் சரியாக அடிக்கப்பட்டிருக்கிறது, பிறந்த தேதி, ஐசி, பாஸ்போர்ட், தொலைபேசி எண்களிலிருந்து பின் எண் தேர்ந்தெடுக்கக்கூடாது என்று விதிமுறையில் இருக்கிறது, அதனால் பொறுப்பு என்னுடையதாம். அதே வங்கியின் கவுண்டரில் அல்லவா அந்த யோசனையைச் சொன்னார்கள்! பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பதைத் தங்கள் ஊழியருக்கே சொல்லித்தராமல், என்னைக் குற்றவாளி ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

நான் விடவில்லை. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி, அட்டைக்காரர் மோசடி செய்திருந்தாலோ, தாமதமாகத் தெரிவித்திருந்தாலோ, பின் எண்ணை யாரிடமாவது சொல்லியிருந்தாலோ, அட்டையிலோ அதன் அருகிலோ எழுதி வைத்திருந்தாலோதான் இழப்பு அவர் தலையில் விழும். நான் எதையும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. எஃப்எம்ஓஎஸ் (FMOS) என்ற நிதித்துறைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டணம் கிடையாது, வங்கியின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

கிளம்புவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது: எந்தத் தாளிலும் இல்லாத ஓர் எண்ணை வையுங்கள். எனக்கு இப்போது உதவுவது, எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்து நினைவு ஒன்று. விரல் போகும் பாதையாக நினைவில் வைக்காதீர்கள். சில இயந்திரங்களில் 1-2-3 மேலே இருக்கும், சிலவற்றில் 7-8-9. விசைகளில் எண்ணோடு இருக்கும் எழுத்துகளைச் சொல்லாக்கி வைப்பதும் வேண்டாம், பல நாட்டு விசைகளில் எழுத்தே இருக்காது. +603 என்று நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் வங்கியின் எண்ணைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். 1300, 1800 என்று தொடங்கும் எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. பறிபோனால் முதல் அழைப்பு வங்கிக்கு, போலீஸுக்கு அப்புறம்.

புது பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வருவதற்குள் முகூர்த்த நாள் வந்துவிட்டது. அக்கா மகள் கழுத்தில் தாலி ஏறியதை செந்தூலில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தேன்.