பிராமிஸ், வௌ, ஸ்வேர், பிளெட்ஜ்: எங்கே எது பொருந்தும்?

இந்த நாலு ஆங்கில வார்த்தைக்கும் (promise, vow, swear, pledge) 'உறுதி கூறு' என்று பொருள் போட்டுவிட்டு அகராதி நகர்ந்துவிடும், மாட்டிக்கொள்வது நாம்தான்.

பிராமிஸ்தான் இருப்பதிலேயே எளிது. எதிரே கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும், 'நாளைக்குப் போன் செய்கிறேன்' என்பதிலிருந்து 'கடைசிவரை கூட இருப்பேன்' வரைக்கும் எதையும் அது தாங்கும். அதனாலேயே கொஞ்சம் மலிந்தும் போய்விட்டது.

நாளைக்குப் போன் செய்வதாக வௌ எடுத்தால் சிரிப்பார்கள். 'வோட்டும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது, கடவுளுக்கு நேர்ந்துகொள்வது என்று அர்த்தம் (நாம் போடும் ஓட்டும் அதே வேரில் வந்ததுதான்). அந்தக் கனம் இன்னும் குறையவில்லை: திருமணம், துறவு, பழிவாங்கும் சபதம். கேட்க ஆளே வேண்டாம், தனியறையில் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளலாம்.

பலர் தடுமாறுவது ஸ்வேரில். மற்ற மூன்றும் இனி நடக்கப்போவதைப் பற்றியவை, ஆனால் ஸ்வேர் நடந்து முடிந்ததற்கும் வரும். 'சத்தியமா நான் எடுக்கல' என்கிறோமே, அதேதான். பேச்சில் அந்த இடத்தில் பிராமிஸ் போடுபவர்களும் உண்டு, என் காதுக்கு அது கொஞ்சம் இடிக்கிறது. கடவுளைச் சாட்சிக்கு இழுக்கும் சொல் என்பதால் குவேக்கர் கிறிஸ்தவர்கள் ஸ்வேர் செய்யவே மாட்டார்கள், 'அஃபர்ம்' (affirm, கடவுளை இழுக்காமல் உறுதி கூறுவது) என்பார்கள். அமெரிக்க அதிபரின் பதவிப் பிரமாணத்திலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. 1853இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் அஃபர்ம் என்றே சொல்லிப் பதவியேற்றார். அப்புறம், கெட்ட வார்த்தையில் திட்டுவதும் ஸ்வேர்தான் என்பதையும் மறந்துவிடாதீர்கள், முழு வாக்கியத்தையும் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

பிளெட்ஜ் என்றால் பிணை, அடகு என்ற பழைய பொருளும் உண்டு. அந்த வாசனை போகாததால்தான் நன்கொடைக்கு அது அவ்வளவு இயல்பாக ஒட்டுகிறது, ஒரு தொகையையே பிளெட்ஜ் செய்யலாம். கூட்டமாக நின்று சொல்லும் உறுதிமொழிக்கும் இதே சொல்தான்.

சரி, அலுவலக மெயிலில்? தேதிக்கு கமிட், ஆளுக்கு பிராமிஸ், இதுதான் என் வழக்கம். கேரன்டி என்று மட்டும் எழுத மாட்டேன். மற்றதெல்லாம் நான் செய்யப்போவதைச் சொல்கிறது, அது மட்டும் விளைவுக்கே என்னைப் பொறுப்பாக்கிவிடுகிறது.