கற்பனை நாட்டின் கனரக இயந்திரத் துப்பாக்கி: எந்த முன்மாதிரி?

கதைக்காக ஒரு நாட்டையே உருவாக்கிவிட்டீர்கள். அதன் படைக்குக் கனரக இயந்திரத் துப்பாக்கி வேண்டும். முன்மாதிரியாக இரண்டு வந்து நிற்கின்றன: அமெரிக்காவின் எம்2 பிரௌனிங், சோவியத்தின் டிஎஸ்எச்கே. இரண்டின் குழல் விட்டமும் 12.7 மி.மீ. ஆனால் தோட்டா உறையின் நீளம் முன்னதில் 99 மி.மீ., பின்னதில் 108. ஒன்றின் தோட்டா மற்றதற்கு உதவாது.

எம்2 பின்னுதைப்பால் இயங்குகிறது. சுட்டதும் குழலும் அதன் பின்வாயை மூடும் அடைப்பானும் சேர்ந்தே சற்றுப் பின்வாங்கி, பிறகு பிரிகின்றன. உறுதியான ஏற்பாடுதான். ஆனால் பழைய எம்2-வில் குழலை மாற்றும்போதெல்லாம் இரண்டுக்குமான இடைவெளியை அளவுத் தகடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிசகினால் உறை வெடித்துச் சுடுபவரையே காயப்படுத்தலாம். எம்2ஏ1 என்ற மேம்பட்ட வடிவம் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது. எழுத்தாளருக்கு இது புதையல்: கையுறையைக் கழற்றிவிட்டு, இருட்டில் அந்தச் சிறு தகட்டைத் தடவித் தேடும் புதுச் சிப்பாயை நினைத்துப் பாருங்கள்.

டிஎஸ்எச்கே, சுடும்போது எழும் வாயுவால் இயங்குவது. வடிவமைப்பாளர் டெக்டியாரொவின் முதல் வடிவம் 30 தோட்டா கொள்ளும் உருளையோடு திண்டாடியது. இன்னொரு வடிவமைப்பாளரான ஷ்பாகின் தோட்டாப் பட்டையை ஊட்டும் பொறியைச் சேர்த்ததும்தான் 1938 மாதிரி பிறந்தது. துப்பாக்கி மட்டும் சுமார் 34 கிலோ. சக்கரத் தாங்கியோடு 150 கிலோவைத் தாண்டும்.

என் தேர்வு டிஎஸ்எச்கே. துப்பாக்கிக்காக அல்ல, ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் வந்து முடித்த அந்த வரலாற்றுக்காக. மலைநாடு என்றால் மட்டும் அந்தச் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள்.