மினியா, கோல்டன் குளோப்பா? வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து ஒரு கணக்கு

தைப்பொங்கலுக்குப் பட்டம் பார்க்க வந்த தங்கச்சியின் மகன், திரும்பிப் போகிற அன்று என்னிடம் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனான். "மாமா, தனிய ஓடுற சமுத்திரப் பாய்ப்போட்டிக்கு ஆயத்தப்படப் போறன். மினிக்குப் போறதோ, கோல்டன் குளோப்புக்குப் போறதோ? நீங்கள் சொல்லுங்கோ."

அவன் பிறந்து வளர்ந்தது பிரான்ஸில். லோரியான் துறைமுகத்தில் ஒரு படகுத் திருத்துமிடத்தில் வேலை செய்கிறான். எனக்கு இங்கே, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், பைபர் படகு வார்க்கிற தொழில். இரண்டு மாதமாக வாசித்தும், அவனோடு பேசியும், கரையில் சிலவற்றைச் செய்து பார்த்தும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அவனைப் போல யோசிக்கிற வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் என்னவென்று பார்த்துவிடுவோம். மினி டிரான்ஸாட் 1977-இல் தொடங்கியது. ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கிறது. படகின் நீளம் 6.5 மீட்டர், அதாவது இருபத்தோரு அடி. நம்முடைய மீன்பிடிப் படகைவிட ஓர் அடி, இரண்டு அடி கூட, அவ்வளவுதான். அதில் அத்திலாந்திக்கைத் தாண்ட வேண்டும். பிரான்ஸிலிருந்து கனேரித் தீவுகளுக்கு ஒரு பாகம், அங்கிருந்து கரீபியனுக்கு இன்னொரு பாகம், மொத்தம் 4,050 கடல் மைல் அளவு. கோல்டன் குளோப் 1968-இல் ஒருமுறை நடந்து, அரை நூற்றாண்டு கழித்து 2018-இல் மறுபடி உயிர் பெற்றது. 32 முதல் 36 அடி வரையான பழைய வடிவமைப்புப் படகுகள். எங்கும் கரை தொடாமல், யாருடைய உதவியும் பெறாமல் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். ஏறக்குறைய 30,000 மைல். 2018-இல் வென்ற 73 வயது ழான்-லுக் வான் டென் ஹீடுக்கு 211 நாள் பிடித்தது. அண்மைய ஆண்டுகளில் இரண்டு போட்டியும் லெ சாப்ல் தொலோன் என்ற ஒரே துறையிலிருந்துதான் புறப்படுகின்றன. புறப்படும் வாசல் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட முடியாது.

என் கணக்கில் எல்லாம் ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. நீ தூங்கும்போது சுக்கான் பிடிப்பது யார்?

மினியில் அது மின்சாரம். ஓட்டோ பைலட் என்று சொல்லும் கருவி திசைகாட்டியைப் பார்த்துச் சுக்கானைத் தள்ளும், இழுக்கும். கோல்டன் குளோப்பில் அதற்குத் தடை. அங்கே காற்றுச் சுக்கான்தான். படகின் பின்பக்கம் ஒரு மெல்லிய பலகை காற்றுக்கு நேராக நிற்கும். படகு வழி விலகினால் காற்று அந்தப் பலகையின் பக்கவாட்டில் அடித்துச் சாய்க்கும். அந்தச் சாய்வு கீழே தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பை லேசாகத் திருப்பும். ஓடுகிற தண்ணீர் துடுப்பைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளும், அந்தத் தள்ளலில் கயிறு இழுபட்டுச் சுக்கான் திரும்பும். பலகைக்கு வேலை சொல்வது மட்டும்தான். பாரம் இழுப்பது தண்ணீர். பட்டத்தின் முச்சையை ஒரு நூலளவு மாற்றினால் பட்டம் முழுக்க வேறு பக்கம் பாய்வதைப் பார்த்து வளர்ந்த எங்களூர்ப் பிள்ளைகளுக்கு இது விளங்கக் கஷ்டமே இல்லை.

காற்று கூடக் கூட இதற்கும் பலம் கூடும். பற்றரி வேண்டாம். ஆனால் இது பிடிப்பது காற்றோடு உள்ள கோணத்தைத்தான், திசையை அல்ல. நீ உறங்கும்போது காற்று திரும்பினால் படகும் ஓசையில்லாமல் கூடவே திரும்பிவிடும். மெல்லிய காற்றுப் பின்னாலிருந்து வரும்போது பலகைக்கு உணர்வே இருக்காது. மினி போன்ற வேகப் படகுக்கு இது ஏன் ஒத்துவராது என்றால், அலை மேல் சறுக்கிப் படகு திடீரென்று 15 நொட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகம் பிடிக்கும்போது, படகு உணரும் காற்று முன்பக்கமாக நகர்ந்துவிடும். காற்றுதான் மாறிவிட்டது என்று பலகை ஏமாந்துபோகும். மின்கருவி ஏமாறாது.

ஆனால் மின்கருவிக்குப் பசி அதிகம். சராசரி 2 ஆம்பியர் என்று குறைத்து வைத்தாலும் ஒரு நாளுக்கு 48 ஆம்பியர்-மணி வேண்டும். 100 வாட் சூரியப் பலகை நல்ல வெயிலில் 30 தந்தால் பெரிய காரியம். முகில் மூடினால் அதுவும் இல்லை.

நான் இதை ஒருமுறை பட்டு அறிந்தவன். மருமகன் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய ஓட்டோ பைலட்டை அனுப்பியிருந்தான். நான் வார்த்த இருபதடிப் பாய்ப்படகில் பூட்டி, ஆவணி மாதத் தென்மேற்குச் சோளகக் காற்றில் பருத்தித்துறைக்கு வெளியே கொண்டுபோனேன். ஒரு மணிநேரம் குழந்தை பால் குடிக்கிற மாதிரி அமைதியாக ஓட்டியது. பிறகு கை ஒரே பக்கம் நீண்டபடி நின்றுவிட்டது. படகு சுற்றிப் பாய் மறுபக்கம் அடித்த வேகத்தில் பாய் கட்டிய பருமல் மரம் என் தோளை உரசிக்கொண்டு போனது. கரைக்கு வந்து செருகியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பித்தளை ஊசி மூன்றில் ஒன்று பச்சை பூத்து, உப்புப் படிந்து, நகத்தால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. கருவியில் பிழையே இல்லை. பட்டாணி அளவு இடத்தில் புகுந்த கடல்நீர் செய்த வேலை.

அதற்காகக் காற்றுச் சுக்கான் உடையாது என்று நினைத்துவிடக் கூடாது. 2022 கோல்டன் குளோப்பில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த சைமன் கர்வெனுக்கு, கேப் ஹார்னுக்கு வருமுன் காற்றுச் சுக்கானின் தண்டு முறிந்தது. சிலியில் ஒதுங்கித் திருத்தவேண்டி வந்ததால் பிரதான போட்டியையே இழந்தார். அதே போட்டியில் இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி, காற்றுச் சுக்கானைத் திருத்தக் கழிவறைக் கதவை அறுத்துப் பலகையாக்கினார். இரண்டாமிடம் வந்தார். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. காற்றுச் சுக்கான் உடைந்தால் வாளும் மரமும் கயிறும் வைத்து ஏதாவது செய்யலாம். மின்கருவியின் உள்ளே மின்சுற்றுப் பலகை கருகினால் மாற்றுக் கருவி இருந்தால்தான் வழி. எனவே மினிக்குப் போகிறவன் இரண்டு ஓட்டோ பைலட் வைத்திருப்பது ஆடம்பரம் இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு 82 வயது. இயந்திரம் வருமுன் வத்தையில் பாய் விரித்துத் தொழில் செய்தவர். எதுவும் சொல்லாமல் எழும்பி வந்து, படகில் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை ஒரு கப்பி வழியாகச் சுக்கான் பிடிக்குக் கொண்டுவந்து கட்டினார். எதிர்ப்பக்கம் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய துண்டு. படகு காற்றை நோக்கி ஏறினால் பாயில் இழுவை கூடிக் கயிறு சுக்கானை இழுத்துத் திருப்பிவிடும். படகு திரும்பியதும் ரியூப் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ரியூப்பை இரண்டு விரலளவு கூட்டிக் குறைத்துக் கட்டி, மூன்றாவது தடவையில் படகு நேராக ஓடியது. கை வைக்காமல் தேநீர் குடித்தோம். 1968-இல் தொடங்கிய கோல்டன் குளோப்பில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் சுஹைலி, பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு, ஆஸ்திரேலியா அருகே காற்றுச் சுக்கானை இழந்த பிறகு பாய்களின் சமநிலையால்தான் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு வீடு வந்தது. புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. 312 நாள். எந்தப் போட்டிக்குப் போனாலும் அப்பாவின் ரியூப் வித்தையைத்தான் முதலில் பழக வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது வழி கண்டுபிடிப்பது. மினியில் இருக்கும் இடத்தைச் சொல்ல ஜி.பி.எஸ் உண்டு. ஆனால் படம் காட்டும் திரை கிடையாது, காகித வரைபடத்தில் நீயே குறிக்க வேண்டும். காலநிலையும் வானொலியில் கேட்டு எழுதுவதுதான். கோல்டன் குளோப்பில் ஜி.பி.எஸ் முத்திரையிட்ட பெட்டிக்குள். சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட், கடிகாரம், அட்டவணைப் புத்தகம், அவ்வளவுதான்.

இதில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. எங்கள் கடற்கரை நேர் வடக்கைப் பார்த்தது. இரவில் கரையில் நின்று கையை நீட்டி முட்டி பிடி. முட்டியின் அடிப்பக்கத்தைக் கடல் விளிம்பில் வைத்தால் மேல் விரலுக்குக் கிட்டத்தட்ட உச்சியில் துருவ நட்சத்திரம் நிற்கும். நீட்டிய கையில் ஒரு முட்டி சுமார் 10 பாகை. நாம் இருக்கும் அகலக்கோடு 9 பாகை 49 கலை. பழைய தண்டையல்மார் ராப்பலகையையும் முடிச்சுப் போட்ட கயிற்றையும் வைத்துச் செய்தது இதைத்தான். மருமகனுக்குக் காட்டியபோது அவன் முட்டியை இறக்காமல் வெகுநேரம் நின்றான்.

ஆனால் பூமத்தியரேகைக்குத் தெற்கே அந்த நட்சத்திரம் மறைந்துவிடும். கோல்டன் குளோப்பின் பெரும்பகுதி அங்கேதான். நண்பகல் சூரியனின் உயரத்தை அளக்க, அதாவது 'சூரியன் எடுக்க', பழக வேண்டும். சித்திரை வருடப்பிறப்பையொட்டி இங்கே சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதால் அந்த நாட்களில் அளப்பது கரைச்சல். ஆனி, ஆடி நல்லது, அப்போது நண்பகல் சூரியன் வடக்கே, கடல் பக்கம் நிற்கும். கடிகாரம் 4 செக்கன் பிழைத்தால் பூமத்தியரேகையருகே ஒரு கடல் மைல் பிழைக்கும். இந்த ஒன்றைக் கரையிலேயே, காசு செலவில்லாமல், ஒரு வருடம் பழகலாம்.

நித்திரை இரண்டிலும் துண்டு துண்டாகத்தான். ஏன் எல்லோரும் இருபது நிமிடம் என்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். உன் வேகம் 5 நொட், எதிரே வரும் கப்பல் 15 நொட் என்றால் இடைவெளி மணிக்கு 20 மைல் வீதம் குறையும். ஆறேழு மைலில் முதல் வெளிச்சம் கண்ணில் பட்டால் கையிலிருப்பது இருபது நிமிடம். மூன்று, நான்கு வாரம் இப்படிச் சமாளிக்கிற உடம்பு வேறு, எட்டு மாதம் சமாளிக்கிற உடம்பு வேறு.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. மினிக்குப் பாரம் எதிரி, நீர் அகற்றிய பொதிகளே சரி. நீண்ட ஓட்டத்துக்குப் புழுக்கொடியலும் பனங்கட்டியும் நான் அனுப்புவேன். பழுதாகாது, பல்லுக்கும் வேலை. பணத்தைப் பொறுத்தவரை பழைய மினிப் படகு ஒன்றை இரண்டு மூன்று பேர் சேர்ந்து கை மாற்றி ஓடலாம். கோல்டன் குளோப் அப்படியில்லை. பாய்மரம் முதல் கடைசி ஆணி வரை புதுப்பிக்க வேண்டும், வேலையையும் விட வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்.

எங்கே பழகுவது என்பதில் எங்கள் கடலைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பாக்கு நீரிணை ஆழமற்றது. அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். சோளகத்தில் எங்கள் கரை குளம்போல் இருக்கும். ஆனால் காற்று கரையிலிருந்து வெளியே அடிப்பதால் ஏதாவது பிழைத்தால் வடகிழக்கே வங்கக் கடலுக்குத் தள்ளிவிடும், பக்கத்தில் இந்திய எல்லைக்கோடு வேறு. வலைகளும் இழுவைப் படகுகளும் நிறைந்த இடத்தில் தனியாகத் தூங்கிப் பழகவே கூடாது. பாய் சுருக்கவும், ஈரத்தில் முடிச்சுப் போடவும், குறுக்கு அலையில் வயிற்றைப் பழக்கவும் இது அருமையான கடல். சமுத்திரத்தின் நீண்ட அலை வேண்டுமென்றால் திருகோணமலைக்குப் போக வேண்டும். துறையை விட்டு வெளியே வந்ததுமே ஆழம். ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடலில் புயல் காலம், அப்போது பழக்கம் கரையில்தான்.

சரி, என் முடிவு: முதலில் மினி.

மனசு மறுபக்கம் இழுக்கிறது என்பதை ஒளிக்கவில்லை. இதே வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, எங்களூர் மாலுமிகளோடு 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அந்த ஊரில் பிறந்த எனக்கு, ஜி.பி.எஸ் பார்க்காமல், நட்சத்திரம் பார்த்து உலகம் சுற்றும் போட்டிதான் உறவாகத் தெரிகிறது. ஆனால் 2022-இல் புறப்பட்ட 16 பேரில் பிரதான பிரிவில் முடித்தவர்கள் மூன்றே பேர். வென்ற கேர்ஸ்டன் நொய்ஷேபர், நடுவழியில் படகு மூழ்கிய இன்னொருவரைக் காப்பாற்றிவிட்டு வந்து வென்றவர். 2018-இல் தெற்கு இந்து சமுத்திரத்தில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து கிடந்த அபிலாஷ் டோமி, அதற்கு ஐந்து வருடம் முன்பே உலகத்தை நிற்காமல் தனியாகச் சுற்றி வந்தவர். அவருக்கே அப்படி நடந்த கடலுக்கு என் தங்கச்சியின் பிள்ளையை நேரே அனுப்ப மாட்டேன்.

கணக்கும் அதையே சொல்கிறது. கோல்டன் குளோப் கேட்கும் தகுதி 8,000 மைல் சமுத்திர ஓட்டமும் தனியாக இன்னொரு 2,000 மைலும். மினிக்குத் தகுதி பெறவே தனியாக நிற்காமல் 1,000 மைலும் போட்டிகளில் 1,500 மைலும் ஓட வேண்டும். போட்டியின் 4,050-ஐயும் சேர்த்தால் 6,550 ஆகிவிடுகிறது, கோல்டன் குளோப் கேட்பதில் பாதிக்கு மேல். வான் டென் ஹீட் 1970-களில் மினி ஓடியவர். கர்வென் 2001 மினியில் இரண்டாமிடம். சின்னப் படகில் கற்றதைத்தான் அவர்கள் பெரிய சுற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

நேற்று இரவு அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப செக்ஸ்டன்ட் வேண்டாமோ மாமா?" என்றான். வேண்டும், ஆடியில் வரும்போது கொண்டு வா, பருத்தித்துறை முனையில் நின்று நூறு முறை சூரியன் எடுத்த பிறகு திரும்பிப் போகலாம் என்றேன். அப்பா பக்கத்திலிருந்து தொலைபேசியை வாங்கினார். "ரியூப் துண்டு அங்க கிடைக்குமோ தெரியாது, நான் வெட்டி வைக்கிறன்" என்றார்.