காணாக்கடிக்கு “மூலகாரணம்” கண்டுபிடிப்பதாகச் சொல்பவர்களிடம் 68,000 ரூபாய் இழந்தேன்: எச்சரிக்கை

தோல் தடித்துக் கடிக்கும் தீராத காணாக்கடியின் (urticaria) மூலகாரணத்தை இரத்தத்திலிருந்தே கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையவழி ஆரோக்கிய நிலையத்திடம் 68,000 ரூபாயைக் கொடுத்தேன். அதில் ஒரு சதமும் திரும்பாது என்று நேற்றுத்தான் சொல்லி முடித்தார்கள். என் சொற்களில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் உடம்பெல்லாம் சிவந்து தடித்து, கடி தாங்காமல் இரவில் விழித்திருந்த எனக்கு அவர்களது ஆலோசகரின் தொலைபேசி அழைப்பு வந்தது. நான் எதுவும் சொல்லுமுன்பே அந்தப் பெண், “அக்கா, இரவிலதானே கூடக் கடிக்குது? பாவாடை நாடா இறுகிற இடத்திலயும் தடிக்குதுதானே? காலமை டொக்டரிட்டக் காட்டப் போனால் ஒண்டும் இருக்காது, என்ன?” என்று கேட்டார். வீட்டாரே “வெயிலில திரிஞ்சிருப்பாய்” என்று தள்ளிவிட்ட வேதனையை முன்பின் தெரியாத ஒருவர் இவ்வளவு துல்லியமாகச் சொன்னபோது நம்பாமல் எப்படி இருப்பது? தடிப்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் சுவடின்றி மறைந்து வேறிடத்தில் எழுவது இந்நோயின் இயல்பு என்பதும், அக்கேள்விகள் இந்நோய் உள்ள பலருக்குப் பொருந்தும் என்பதும் பின்னர் அரச வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில்தான் தெரியவந்தது. அதற்குள் 68,000 ரூபாய் போய்விட்டது.

திருகோணமலை உவர்மலையிலுள்ள என் வீட்டுக்கு ஆள் அனுப்பி இரத்தம் எடுத்தார்கள். வந்த அறிக்கையில் சூரை மீன், இறால், முட்டை, தேங்காய் எல்லாவற்றுக்கும் சிவப்புக் குறி. அவர்கள் அளந்தது ஐ.ஜி.ஜி. (IgG) என்ற பிறபொருளெதிரியை, அதாவது வெளிப்பொருள்களை அடையாளங்காண உடல் உருவாக்கும் புரதத்தை; வழமையாக உண்ணும் உணவுக்கு அது இரத்தத்தில் இருப்பது இயல்பு, ஒவ்வாமைக்கு அது சான்றாகாது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவளின் இரத்தத்தில் சூரைக்கு அது காணப்படாவிட்டால்தான் அதிசயம்! மீனையும் தேங்காய்ப்பாலையும் விலக்கி, அவர்கள் அனுப்பிய “குடல் சுத்திகரிப்பு” மாவைக் கரைத்துக் குடித்து நான் மெலிந்தேன், கடி மெலியவில்லை.

முறையிட்டபோது, “நஞ்சு வெளியேறுது அக்கா, கூடித்தான் குறையும்” என்றார்கள். பிறகு, மாவை நேரத்துக்குக் குடித்தேனா என்று என்னையே விசாரித்தார்கள். கொழும்பு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கு கேட்டால், பணம் போன வங்கிக் கணக்கு தங்களுடையதல்ல, முகவருடையது என்றார்கள். கடைசியில், பரிசோதனை முடிந்துவிட்டதால் 68,000 ரூபாயும் செலவாகிவிட்டது என்றும், விரும்பினால் குறைந்த விலையில் இரண்டாவது பரிசோதனை செய்யலாம் என்றும் கூசாமல் சொன்னார்கள்.

ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காணாக்கடியில் பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவும் அகப்படாது என்றும், உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே தோலிலுள்ள மாஸ்ட் கலங்களைத் தூண்டி, கடியையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளிவிடச் செய்வது பலரில் காரணம் என்றும் கிளினிக் மருத்துவர் விளக்கினார். கடிக்கும்போது மட்டுமன்றித் தினமும் எடுக்கும்படி அதிகம் தூக்கம் தராத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை தந்தார், அதுவும் இலவசமாக. அது போதாவிட்டால் அளவை நான்கு மடங்குவரை கூட்டலாம், அதற்கும் அடங்காவிட்டால் ஓமலிசுமாப் என்ற ஊசியும் உண்டு. ஆனால் இவற்றை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

விரிவாக ஆலோசனை எழுத இப்போது பொறுமையில்லை. தனியார் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் போடாதீர்கள். ஐ.ஜி.ஜி. அறிக்கையை நம்பி உணவை நிறுத்தாதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. ஐபுபுரோஃபன், டைக்குளோஃபெனாக் போன்ற நோமாத்திரைகள் சிலருக்குத் தடிப்பைக் கூட்டும். நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ யாருடைய தொலைபேசிக்கும் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.