பாலத்துக்கு வயர்லெஸ் சென்சார்: எதற்கு வாங்கலாம், எதற்கு யோசிக்கணும்

நெடுஞ்சாலைப் பாலங்களுக்கென்று விற்கும் வயர்லெஸ் சென்சார் செட்டுகள் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஸ்ட்ரெய்ன் (பாரத்தில் இரும்பு நீளும், சுருங்கும் அளவு), சாய்வு, விரிசல், அதிர்வு அளக்கும் நோடுகள் (சென்சாரும் ரேடியோவும் உள்ள சிறு பெட்டிகள்), அவற்றின் டேட்டாவை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் ஒரு கேட்வே, அதைத் திரையில் காட்டும் ஒரு டாஷ்போர்டு. மெதுவாக மாறுகிற விரிசலுக்கும் சாய்வுக்கும் தாராளமாக வாங்கலாம். அதிர்வு என்றால்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்று அச்சு, நொடிக்கு 100 மாதிரி, மாதிரிக்கு 2 பைட்: பத்து நிமிடப் பதிவு 360 கிலோபைட் ஆகிவிடும். லோராவில் (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும், மெதுவான ரேடியோ) நொடிக்கு 5.5 கிலோபிட் கிடைத்தாலும் அனுப்ப ஒன்பது நிமிடம் போகும். தூரத்துக்காக வேகத்தைக் குறைத்தால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். அதனால் லோரா நோடுகள் பெரும்பாலும் உச்ச மதிப்பையும் சராசரியையும் மட்டுமே அனுப்புகின்றன. டேட்டாஷீட்டில் இது பொடி எழுத்தில் இருக்கும். முழு அலைவடிவம் வேண்டுமென்றால் வேகமாக அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் நோடுகள் பக்கம் போங்கள்.

அங்கேயும் கடிகாரம் காலை வாரும்: ஒவ்வொரு நோடுக்கும் தனிக் கடிகாரம், எல்லாம் ஒரே நேரம் காட்ட வேண்டும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள கடிகாரக் கிரிஸ்டல், திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் 1.7 நொடி விலகும். 10 ஹெர்ட்ஸ் அதிர்வில் இரண்டு நோடுகளுக்கிடையே 10 மில்லிநொடி விலகினாலே 36 டிகிரி பிசகு. பாலம் எந்த வடிவில் அதிர்கிறது என்ற கணக்கே கெட்டுவிடும். கோல்டன் கேட் பாலத்தில் 2006-ல் 64 நோடுகள் போட்டபோதே நேரப் பிசகை 10 மைக்ரோநொடிக்குள் பிடித்திருக்கிறார்கள். இன்றைக்கு விற்கிறவர் ஒத்திசைவுப் பிழை (நோடுகளுக்கிடையே நேர வித்தியாசம்) எவ்வளவு என்று எழுதித் தரத் தயங்கினால் அந்த செட்டே வேண்டாம்.

ஸ்ட்ரெய்ன் நோடில், வெப்பத்தால் வரும் விரிவைக் கழிக்க உதவும் வெப்பநிலை சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்டிக்குள் சர்க்யூட் போர்டில் இருந்தால் பிரயோஜனமில்லை, வெயிலில் பெட்டி தனியாகச் சூடேறும். அது கேஜுக்கு (ஸ்ட்ரெய்னை அளக்கும் பட்டைக்கு) பக்கத்தில் இரும்பிலேயே ஒட்டியிருக்க வேண்டும். தடையில்லாமல் விரியும் இரும்பு 15 டிகிரி ஏறினால் 180 மைக்ரோஸ்ட்ரெய்ன் (நீளத்தில் பத்து லட்சத்தில் 180 பங்கு) காட்டும். லாரி கடக்கும்போது வருவது பல இடங்களில் அதைவிடக் குறைவு.

பேட்டரி விஷயத்தில் விளம்பரம் பேசும் ஆயுளை அப்படியே நம்ப வேண்டாம். 3.6 வோல்ட் லித்தியம் தயோனில் குளோரைடு செல் நெடுநேரம் சும்மா இருந்தால் உள்ளே படலம் படியும். ரேடியோ இயங்கும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து நோடு ரீசெட் ஆகும். செல் காலி என்று நினைத்து மாற்றுவார்கள், பழைய செல்லில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். செல்லுக்கு இணையாகப் பெரிய கெபாசிட்டர் இருக்கிற மாடலாக எடுங்கள்.

பொருத்தும்போது பெயின்டைச் சுரண்டி எபாக்ஸியிலோ போல்ட்டிலோ பிடிக்கணும். அதிர்வு நோடுக்கு நுரை டேப் ஆகவே ஆகாது. பாக்ஸ் கர்டருக்குள் (உள்ளே கூடாக இருக்கும் பெட்டி வடிவ உத்தரத்துக்குள்) வைத்தால் சிக்னல் வெளியே வராது, ஆன்டெனாவைக் கேபிள் போட்டு வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கேபிள் பெட்டிக்குள் நுழையும் கிளாண்டில் (துளையை அடைக்கும் முடிச்சில்)தான் முதலில் தண்ணீர் இறங்கும். கேபிளைக் கீழ்ப்பக்கமாக வளைத்து உள்ளே விடுங்கள்.

ஆர்டர் போடும் முன் மூல டேட்டாவை சிஎஸ்வி-யாக (எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக) இறக்க முடிகிறதா, சந்தா நின்றபின்னும் இறங்குமா என்று கேட்டுவிடுங்கள்.